சங்கங்குப்பி பூக்கட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மைதானத்து வேலியை எடுத்துவிட்டுக் காம்பவுண்டுச் சுவர் கட்ட நம் சங்கம் நிதி திரட்டுகிறது. நானும் பணம் தருகிறேன், சுவர் வரட்டும். வேலியைப் பிடுங்க வேண்டாம் என்று கேட்கத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

அந்தச் செடியின் பெயர் சங்கங்குப்பி. (முள்ளோடு இருக்கிற இசங்கு வேற, இது வேறங்க.) பிறப்பால் கடற்கரைச் செடி. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காட்டை ஒட்டிய கழிக்கரையில் தானாக வளரும். உப்பையும் வெயிலையும் தாங்கிப் பழகியதால்தான், போர் போட்டால் உப்புத் தண்ணி வருகிற நம்ம காடுகளிலும் வேலியாக நிற்கிறது. இலை கசப்பு, ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காது.

படித்த காலத்தில் அதன் பூவை நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? மாசா மாசம் கிராப்பு வெட்டுகிற மாதிரி வெட்டினால் எங்கிருந்துங்க பூக்கும்? இளங்கிளையின் இலைக்கக்கத்தில்தான் மொட்டு வைக்கும். அந்த நுனியைத்தான் நாம் வெட்டிக் குப்பையில் கொட்டுகிறோம்.

அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் 60 அடி வேலியை வெட்டாமல் விட்டிருக்கிறேன். வெள்ளைப் பூ, ஒரு அங்குலக் குழல், வெளியே மீசை மாதிரி நாலு சிவந்த இழைகள். பகலில் வண்ணத்துப்பூச்சியும் கருவண்டும் வரும். பொழுது விழுந்ததும் பெரிய அந்துப்பூச்சிகள் வந்து, அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலை விட்டுத் தேன் குடிக்கும். பூ விரிந்த புதிதில் மகரந்த இழைகள் நீட்டி நிற்கும். அவை சுருண்ட பிறகே சூல்தண்டு முன்னுக்கு வரும்.

அந்துப்பூச்சியை நான் தாங்குவதற்குக் காரணம் பப்பாளி. நம்ம வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.2 ரகத்தில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பப்பாளிப் பூவுக்கு முக்கியமாக வருவது இந்த இனத்துப் பூச்சிகள்தான். ஆனால் பெண் பூவில் தேனே கிடையாது! ஆண் பூ என்று ஏமாந்து வந்து, மகரந்தத்தை விட்டுவிட்டுப் போகிறது. வெறும் ஏமாற்றத்தில் எத்தனை நாளைக்கு அது உயிர் வாழும்? பக்கத்தில் எங்காவது சாப்பாடு வேண்டாமா?

"எள்ளுக்காட்டில் வாலில் கொம்போடு திரிகிற தடித்த புழு இதன் பங்காளிதானே?" என்று பக்கத்துத் தோட்டத்து மாமா கேட்டார். வாஸ்தவம், அதே குடும்பம்தான். கையால் பொறுக்கிப் போடுங்க மாமா, மருந்தடித்தால் குடும்பமே போயிடும் என்றேன். அரை மனசாகத் தலையாட்டினார்.

வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பென்சில் கனத்தில் முக்கால் அடிக் குச்சி வெட்டி, ஐப்பசி மழைக்கு முன்னால் ஊன்றினால் போதும். முதல் கோடையில் மட்டும் தண்ணீர் காட்டுங்கள்.

தம்பி தங்கைகளே, கிழக்கு ஓர வேலியை ஒரு வருஷம் வெட்டாமல் விட்டு, டார்ச்சோடு ஏழு மணிக்கு மேல் போய் நில்லுங்கள். என்னென்ன வருகிறது என்று நோட்டில் எழுதி எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்கள். தோட்டக்கார அண்ணனிடம் பேசிவிட்டேன். முதல்வர் ஐயா ஒரு வார்த்தை சொன்னால் கத்தரியைக் கீழே வைக்கிறேன் என்கிறார். குச்சி வேண்டுகிறவர்களுக்கு என் கார் டிக்கியில் இரண்டு கட்டு இருக்கிறதுங்க.