கண்ணில்லாத ஆட்டுக்குட்டி
(பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் குழந்தைகள் வார்டு செவிலியர் பேசியது)



குரோஷா ஊசியில் நான் முதன்முதல் பின்னியது ஓர் ஆட்டுக்குட்டி. பார்த்தவர்கள் பன்றி என்றார்கள். ஜப்பானியர் அமிகுருமி என்றழைக்கும் இந்தக் குட்டிப் பொம்மைக்கு ஆரம்பம் ஒரு நூல் வளையம். அதில் 6 கண்ணி. ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18. சுற்று எங்கே தொடங்கியது என்பது மறந்துபோகும். அங்கே வேறு நிற நூல் ஒன்றைக் கட்டி வையுங்கள். நான் கட்டவில்லை, அதனால்தான் பன்றி!

அதற்குக் கண்ணாக இரண்டு மணிகளைத் தைத்து, வார்டிலிருந்த இரண்டு வயதுச் சிறுமிக்குக் கொடுத்தேன். மறுநாள் காலை ஒரு மணியைக் காணோம். பதறிப்போய் அவள் வாயைத் திறந்து பார்த்தேன், படுக்கையை உதறினேன். தலையணை உறைக்குள் கிடந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! மற்ற மணியையும் அப்போதே வெட்டி எடுத்துவிட்டேன்.

நீங்கள் பின்னித் தரும்போது மணி, பொத்தான் எதுவும் வேண்டாம். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள். கண்ணிகளை இறுக்கமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் பஞ்சைப் பிடுங்கி வாயில் வைப்பார்கள். இலவம்பஞ்சு துவைத்தால் கட்டிப்படும். பாலியெஸ்டர் பஞ்சே நல்லது. உருவம் கோணினால் கவலைப்படாதீர்கள். கண்ணில்லாத அந்தப் பன்றியைத்தான் அவள் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.