எந்த சர்வோ வாங்கலாம்?

(முன்னாள் மாணவர் சங்கமக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய நினைவுகளைப் பேசச் சொன்னார்கள். அதற்கு இங்கே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ரேடியோ கண்ட்ரோல் விமானம் செய்யும் மாணவர்கள் சிலர் காலையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "சார், எலிவேட்டருக்கு எந்த சர்வோ வாங்கலாம்?" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

சர்வோ என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு: தீப்பெட்டியைவிடச் சின்ன பெட்டி. உள்ளே ஒரு மோட்டார், பல்சக்கரங்கள், கை எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு பொட்டென்ஷியோமீட்டர். ரிசீவர் வினாடிக்கு சுமார் 50 துடிப்புகள் அனுப்பும். துடிப்பின் நீளம் 1.5 மில்லி செகண்ட் என்றால் கை நடுவில் நிற்கும். 1 என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மறுபக்கம். அவ்வளவுதான் சங்கதி.

மாணவர்கள் வாங்குவது பெரும்பாலும் 9 கிராம் சர்வோ. அட்டையில் 1.8 கிலோ-சென்டிமீட்டர் என்று போட்டிருக்கும். அதாவது ஒரு சென்டிமீட்டர் கையில் 1.8 கிலோவைத் தாங்கும். ஆனால் அது சர்வோ திணறி நின்றுபோகும் அளவு, வேலை செய்யும் அளவு அல்ல. அதில் பாதிக்கு மேல் நம்பாதீர்கள். அட்டையையே நம்பாமல், ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை நூலில் கட்டி, ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் உள்ள துளையில் தொங்கவிட்டுப் பாருங்கள். போலிச் சரக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது கணக்கு. எலிவேட்டர் அரை மீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அதை முழுசாக வளைத்தால், கீலில் வரும் முறுக்கு விசை தோராயமாக 0.9 கிலோ-சென்டிமீட்டர். பரவாயில்லையே என்று தோன்றும். விமானம் தலைகுப்புற இறங்கி 108 கிலோமீட்டர் வேகம் பிடித்துவிட்டால்? வேகம் ஒன்றரை மடங்கு, விசை இரண்டேகால் மடங்கு: 2 கிலோவைத் தாண்டிவிடும். சர்வோ நின்றுவிட்டது! விமானத்தைத் தூக்க வேண்டிய அந்த நேரத்தில்தான் அதற்குக் கை வராது. தரையில் ஆட்டிப் பார்க்கும்போது எல்லாம் ஜோராகத்தான் இருக்கும்.

உடனே பெரிய சர்வோ வாங்க ஓடாதீர்கள். முதலில் துளையை மாற்றுங்கள். மாணவர்கள் கட்டிய விமானங்களில் நான் பார்ப்பது இதுதான்: சர்வோ கையில் புஷ்ராட் வெளித் துளையில் இருக்கும், எலிவேட்டர் அளவுக்கு மேல் ஆடும், அதை அடக்க டிரான்ஸ்மிட்டரில் 40 சதவீதமாகக் குறைத்து வைத்திருப்பார்கள். சர்வோவின் உழைப்பில் பாதிக்கு மேல் வீண். சர்வோ கையில் ஒரு சென்டிமீட்டர், எலிவேட்டர் ஹார்னில் இரண்டு சென்டிமீட்டர் என்று வையுங்கள். சர்வோ 45 டிகிரி திரும்பினால் எலிவேட்டர் சுமார் 20 டிகிரி திரும்பும், அது தாராளம். பலம் இரு மடங்கு, பல்சக்கரத்தின் ஆட்டம் பாதி. அந்த 2 கிலோ சுமை சர்வோவுக்கு ஒரு கிலோவாகத்தான் தெரியும். காலணா செலவில்லை. அதற்குப் பிறகும் சுமை பாதிக்கு மேல் நின்றால், ஒரு படி பெரியது வாங்குங்கள். வாங்கும் காசை எலிவேட்டரில் போடுங்கள். எய்லரானுக்குச் சின்னது போதும். முன்சக்கரத்தோடு இணைத்த ரடருக்கு மட்டும் உலோகப் பல்; தரையின் அடியெல்லாம் அதில்தான் விழும்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. இன்று நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே படித்தபோது அப்துல் கலாம் குழு செய்த தாக்குதல் விமான வடிவமைப்பில், காற்றியக்கம் அவர் பொறுப்பு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகளைத் தோழர்கள் பார்த்துக்கொண்டார்கள். அதே எம்.ஐ.டி.யின் தக்‌ஷா அணி 2018-இல் ஆஸ்திரேலியாவில் ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது. உங்கள் குழுவில் சர்வோவுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டேன். எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நீங்கள் பறக்கவிடுவது கடலோரம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை உப்புக் காற்று. கேளம்பாக்கம் பக்கம் உப்பளமே இருக்கிறது! உப்பு முதலில் தின்பது பிளக்கின் முனைகளை, பிறகு பொட்டென்ஷியோமீட்டரை. நடுவில் நிற்கும்போதே வெடவெடக்கும் சர்வோவை இரக்கம் பார்க்காமல் கழற்றிவிடுங்கள். எலிவேட்டரின் நுனியைப் பிடித்து ஆட்டினால் ஒரு மில்லிமீட்டர் அசைகிறதா? 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு அது ஒரு டிகிரிக்கும் மேல். வேகத்தில் படபடத்து வாலையே பிய்த்துவிடும்.

இன்னொன்று, மின்சாரம். நான்கு சர்வோ ஒரே நேரத்தில் திணறினால் 3 ஆம்பியர் வரை இழுக்கலாம். உங்கள் பி.இ.சி. 2 ஆம்பியர் என்றால் வோல்டேஜ் சரியும், ரிசீவர் ஒரு கணம் கண்ணை மூடும். கீழே வலை உலர்த்துகிறவர்கள் இருப்பார்கள்.

2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் பட்டம் விடும் விழா நடந்தது. பட்டத்துக்குப் பிற்பகல் கடற்காற்று வரம். உங்கள் ஒன்றரைக் கிலோ விமானத்துக்கு அல்ல. விடிந்ததும் போய்விடுங்கள். போகுமுன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். தெற்கே கல்பாக்கம், வடக்கே தாம்பரம் விமானப்படைத் தளம். கடற்கரைக் கோயில் பக்கம் வேண்டவே வேண்டாம்.

உணவு இடைவேளையில் பின் வரிசை மேஜைக்கு விமானத்தைக் கொண்டு வாருங்கள். புஷ்ராட் எந்தத் துளையில் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.