பனிக்கட்டிக்கு மேலே ஓர் இரவு

(நூற்றாண்டு விழாவையொட்டி ரொறன்ரோவில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



“பள்ளிக்கூடம் உமக்கு என்ன தந்தது என்று பத்து நிமிடம் பேசும்” என்று செயலாளர் அக்கா கேட்டார். மேடைப்பேச்சில் நான் கெட்டிக்காரி இல்லை என்பது என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும். ஆகவே, சென்ற பெப்ரவரியில் எங்களுக்கு நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடுகிறேன்.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய நாலு மணித்தியாலம் காரில் போனால் நிப்பிசிங் என்ற பெரிய ஏரி வரும். பனிக்காலத்தில் அது உறைந்துவிடும். அதன்மேல் சிறு மரவீடுகளை இழுத்துச் சென்று வைத்து, இரவுக்கு வாடகைக்கு விடுவார்கள். என் பதின்மூன்று வயது மகளுக்கு அங்கே போக ஆசை. எனக்கும் கணவருக்கும் மீன்பிடி அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

வீட்டுக்காரர் எங்களைப் பனிவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நடக்க ஆகக் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பான நல்ல பனிக்கட்டி வேண்டுமாம். அன்று அங்கே ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. வீட்டுக்குள்ளே தட்டுக்கட்டில், புரொப்பேன் வாயுவில் எரியும் ஹீற்றர், ஓர் அடுப்பு. தரைப்பலகையில் நாலு ஓட்டை. அதற்கு நேர்கீழே பனிக்கட்டியையும் துளைத்திருந்தார்கள். கட்டிலில் இருந்தபடியே தூண்டில் போடலாம். ஓட்டையில் ஆடை படர்வதுபோல் பனி கட்டும். அதை அகப்பையால் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கழிப்பறை ஒரு வாளி. சிரிக்காதேங்கோ அக்கா, 95 இடப்பெயர்வில் அதுவும் இல்லாமல் இருந்தனாங்கள்.

பின்னேரம் இரண்டு பிக்கரல் மீன் பிடிபட்டது. ஊர்த்தூள் போட்டுப் பொரித்தேன். சாப்பிடும்போது மகள் கேட்டாள்: “அம்மா, மேல இவ்வளவு குளிர். கீழ மீன் விறைச்சுப் போகாதோ?”

இதே கேள்வியை 1994இல், பத்தாம் ஆண்டில், எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் நாலு வருடம். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் அம்மா உடுப்பு அடுக்கி வைத்திருந்தார். விஞ்ஞான ரீச்சர் கரும்பலகையில் ஓர் ஏரியை வரைந்தார். மேலே 0 பாகை, அடியில் 4 பாகை. தண்ணீர் 4 பாகை செல்சியசில்தான் ஆக அடர்த்தி கூடியது. அதனால் அது அடியில் தங்கும். அதற்குக் கீழே குளிரக் குளிர விரிந்து, இலேசாகி, மேலே வந்து உறையும். உறைந்தது மிதக்கும், போர்வைபோல் கீழே உள்ளதைக் காக்கும். உறைந்த ஏரியை நாங்களும் கண்டதில்லை, ரீச்சரும் கண்டதில்லை. அன்றிரவு ஜாம் போத்தல் விளக்கில் அந்தப் படத்தைக் கொப்பியில் கீறினேன். முப்பது வருடத்துக்குப் பிறகு அதே படத்தின்மேல் உட்கார்ந்து, அதே விளக்கத்தை என் மகளுக்குச் சொன்னேன்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. முடியவில்லை.

இரவு வெளியே மறை 24 பாகை. சுவரின் அடியில் ஒரு காற்றுத்துளை இருந்தது. அதனால் குளிர்காற்று கால்மாட்டில் அடித்தது. ஒரு துவாயைச் சுருட்டி அதை நான் அடைத்தேன். நித்திரைக்குப் போகும்போது மகள் தலையிடி என்றாள். பயணக் களைப்பு என்று நினைத்து ஒரு பனடோல் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். இருபது வருடமாக வைத்தியம் பார்க்கிறவள் நான்.

இரண்டு மணியளவில் அலாரம் அலறியது. அது காபனோரொட்சைட்டு அலாரம். கணவர்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்து தலைமாட்டில் வைத்திருந்தார். “உதையும் தூக்கிக்கொண்டு வந்திட்டியளோ” என்று பகிடி பண்ணியவள் நான். கதவைத் திறந்து, ஹீற்றரை நிறுத்தி, மகளைப் போர்வையோடு வெளியே இழுத்தோம். அவள் கால் தள்ளாடியது, சத்தி எடுத்தாள். என் பையில் விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி இருந்தது. அது 98 காட்டியது. அந்த வாயு ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடிக்கும். மானிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதை நம்பாமல் 911ஐ அழைத்தோம். வீட்டுக்காரர் எங்களைக் கரைக்குக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள். விடியும்போது மகள் தெளிந்துவிட்டாள்.

அவளுடைய கட்டிலருகே இருந்தபோது ரீச்சரின் இன்னொரு பாடம் நினைவுக்கு வந்தது. அது பாடப்புத்தகத்தில் இல்லாதது. ஷெல்லடி நாட்களில் வகுப்பு முடியும்போது சொல்வார்: “பங்கருக்குள்ள விளக்கைக் கொழுத்திப்போட்டு வாசலைச் சாக்கால மூடாதேங்கோ பிள்ளையள். நெருப்புக்கும் மூச்சு வேணும். மூச்சு முட்டின நெருப்பு விடுற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.”

பதினைந்து வயதில் எனக்கு இது தெரிந்திருந்தது. வாசலைத் திறந்துவிட்டுத்தான் பங்கருக்குள் இருந்தோம். நாற்பத்தைந்து வயதில், கால் குளிர்கிறது என்று துளையை அடைத்தேன். மருத்துவக்கல்லூரியில் இதைப் பற்றி நிறையப் படித்தேன். ஆனால் ரீச்சர் சொன்னதைப் போல “மூடாதேங்கோ” என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். எரிகிற எதுவும் உள்ள இடத்தில் படுத்தால், அலாரம் ஒன்று வையுங்கள்; காற்றுத்துளையை அடைக்காதீர்கள். கரி அடுப்பையோ ஜெனரேற்றரையோ வீட்டுக்குள் இயக்காதீர்கள். ஒரே அறையில் இருந்தவர்களுக்குத் தலையிடியும் சத்தியும் ஒன்றாக வந்தால், குளிசை தேட வேண்டாம். முதலில் வெளியே வாருங்கள்.

ரீச்சர் இன்று எங்களோடு இல்லை. இந்தப் பிழையை அவரிடம் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதனால் அவர் படிப்பித்த பிள்ளைகளாகிய உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறேன்.