ஃபேன் சத்தத்துக்குள் போன ஆயாவின் குரல்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



பாட்காஸ்ட் தொடங்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் கவிதை எழுதுகிறவன். பகலில் பேங்க் கவுண்டரில் உட்காருகிறவன். இரண்டு வருஷமாகத் தப்புத்தப்பாகச் செய்து கற்றுக்கொண்டதைத்தான் சொல்ல முடியும். பெரிய தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892-இல் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது பஞ்சமி நிலம். பிறருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. எங்கள் சேரிக்கு வந்த நிலம் எது, யார் கைக்கு எப்படிப் போனது என்று எங்க ஆயாவுக்குத் தெரியும். நாலு எல்லையும் மனப்பாடமாகச் சொல்லும். ஒரு மே மாத மதியம் போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தேன். தலைக்கு மேல் ஃபேன். புழுக்கம், நிறுத்தவில்லை. ஆயா பேசப்பேச நான் வேறு "ம்... சொல்லு... அப்புறம்" என்று குறுக்கே விழுந்துகொண்டே இருந்தேன். அடுத்த தையில் ஆயா போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கு அதைப் போட்டால் 40 நிமிஷம் ஃபேன் கேட்கிறது. நடுநடுவே நான் கேட்கிறேன். கிழக்கு எல்லை விளங்குகிறது. மேற்கு எல்லை விளங்கவில்லை.

ஆகவே முதல் பாடம்: ஃபேனை நிறுத்துங்க. இரண்டாவது: வாயை மூடிக்கிட்டுத் தலையை மட்டும் ஆட்டுங்க.

மைக் வாங்கக் காசில்லை என்று காத்திருக்காதீர்கள். கையில் இருக்கிற போன் போதும். சில நூறு ரூபாய்க்குச் சட்டையில் குத்துகிற மைக் கிடைத்தால் நல்லது. வெறும் சுவர் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். கொடியில் துணி தொங்குகிற, பாய் தலையணை கிடக்கிற அறையைத் தேடுங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். அழைப்பு வராமல் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஒரு நிமிஷம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள். நான் இதைச் செய்திருந்தால் மேற்கு எல்லை கிடைத்திருக்கும்.

வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். ஆனால் ஒரு கிழவி பேச்சை நிறுத்தி மூச்சு வாங்குகிற இடத்தை வெட்டாதீர்கள், அதுவும் பேச்சுதான். வெட்டாத மூலப் பதிவை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். வெளியிடும்போது மோனோவில், 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 20 நிமிஷம் 10 எம்பிக்குள் அடங்கும். டேட்டா தீர்ந்துபோன கூலிக்காரத் தோழனும் கேட்கலாம். பாட்காஸ்ட்டுகளை ஏற்றி வைக்கும் இலவசத் தளங்கள் உண்டு. ஒரு பெயர், ஒரு படம், இரண்டு வரி விளக்கம் கொடுத்தால் ஆர்எஸ்எஸ் முகவரி தருவார்கள். அதை ஸ்பாடிஃபை, ஆப்பிள் போன்றவற்றில் ஒருமுறை பதிந்துவிட்டால், நீங்கள் ஏற்றுகிற ஒவ்வொன்றும் தானாகப் போய்ச் சேரும். மூன்று பகுதியைக் கையில் முடித்து வைத்துக்கொண்டு முதலாவதை வெளியிடுங்கள். ஒன்றோடு நின்றுபோனவை ஏராளம்.

இதெல்லாம் எதற்கு? இந்த நாட்டில் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி சொல்ல முடியாது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட சமுதாய வானொலிக்கும் அதே கட்டு. உரிமமும் வாங்க வேண்டும். பாட்காஸ்ட்டுக்கு ஒலிபரப்பு உரிமம் வேண்டியதில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அண்ணல் 1920-இல் 'மூக்நாயக்' கொண்டுவந்தார். ஊமைகளின் நாயகன் என்று பொருள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்காகப் போட்ட பத்திரிகைகள் அவை. இன்றைக்கு எழுதத் தெரியாதவரே நேரடியாகப் பேசலாம். அதுதான் இதில் புதுசு.

அப்படியிருக்க நாம் என்ன செய்கிறோம்? என் முதல் பகுதியை எழுதி வைத்து, செந்தமிழில் வாசித்தேன். எங்கம்மா கேட்டுவிட்டு, "இன்னாடா, ரேடியோல சாவு நூஸ் படிக்கிறவன் மாதிரி பேசற?" என்றது. கவுண்டரில் 'ஊர்த் தமிழ்' பேசிப் பழகி, என் நாக்கே எனக்கு வெட்கமாகியிருந்தது. குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் பேசுகிற மாதிரி பேசுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கிராமத்தில் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். நாளைக்கு அதே நிலத்துக்குக் கூலிக்குப் போகவேண்டியது அந்த அம்மாதான், நாம் அல்ல. பதிந்ததை அவர்களுக்கே போட்டுக்காட்டி, 'வெளியிடலாமா' என்று மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி குற்றம்; குரலும் அடையாளமே. வழக்கு நடந்துகொண்டிருந்தால் முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள் கை தூக்குங்க. உங்க சேரியில் எல்லை தெரிந்தவர், நடவுப் பாட்டு தெரிந்தவர், கூலிக்காகப் போராடி அடிபட்டவர் யாராவது உயிரோடு இருப்பார். திண்ணையில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்க. எனக்கு இனிமேல் கேட்க ஆள் இல்லை. உங்களுக்கு இருக்கு.