ஒட்டுப் போர்வை: தொடங்கி மனந்தளர்ந்தோருக்குச் சில வார்த்தைகள்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேல்துணியாக்கி, நடுவில் பழந்துணியோ பஞ்சோ பரப்பி, அடியில் வேறொரு துணியை இட்டு, மூன்றும் ஒன்றாய் நிற்கும்படி தைப்பது ஒட்டுப் போர்வையாகும். அதை ஆவலோடு தொடங்கிப் பாதியில் நிறுத்தி, தைத்ததைத் தகரப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டவர்களுக்காகவே நான் இன்று பேசுகிறேன். அத்தகையவர் தையல் குழுக்களில் அநேகர் உண்டு. "என் கைக்கு இது வராது" என்று அவர்கள் சொல்லுகிறார்கள். ஒருவர் அவ்வாறு சொல்லி விலகினால், அடுத்த வாரம் இருவர் வரமாட்டார்கள். சில மாதங்களில் சங்கப் பணத்தில் வாங்கிய கத்தரிக்கோல் துருப்பிடிக்கும். ஆகையால் இது ஒருவருடைய மனவருத்தம் மாத்திரமன்று; சங்கத்தின் காரியமுமாகும்.

மனந்தளர்வின் காரணங்கள்

முதற் காரணம், பெரிய வேலையில் கை வைப்பது. கட்டிலுக்கு ஆகும்படி 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள போர்வையை 6 அங்குலச் சதுரங்களால் செய்ய வேண்டுமானால், 150 சதுரங்கள் வேண்டும். நூற்றைம்பதையும் அளந்து, வெட்டி, இணைத்து, மூன்றடுக்காகத் தைத்து முடிக்கும்வரை பிரயோஜனம் ஒன்றும் கண்ணிற்படாது. முதன்முதல் மண்வெட்டி பிடிப்பவனைக் கிணறு வெட்டச் சொன்னால் அவன் எவ்வளவு நாள் நிற்பான்?

இரண்டாவது காரணம், மூலைகள் பொருந்தாமை. இதைக் கண்டுதான் பலர் தம் கையை நோகிறார்கள். உண்மையில் இது கணக்கின் விஷயம். ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தைக்க வேண்டிய இடத்தில், அரைக்கால் அங்குலம் கூடுதலாகத் தள்ளித் தைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு துண்டுகள் சேருவதால், குறைவு கால் அங்குலமாகிறது. ஆறு சதுரங்கள் கொண்ட வரிசையில் ஐந்து இணைப்புகள் உண்டு. ஆக ஒன்றேகால் அங்குலம் குறைந்துவிடும். பக்கத்து வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எப்படிப் பொருந்தும்? ஆனால் எல்லா இணைப்புகளிலும் ஒரே அளவாகத் தள்ளியிருந்தால், போர்வை சற்றுச் சிறிதாகுமேயன்றி, மூலைகள் சேர்ந்தே நிற்கும். ஆகையால் முதலில் பழக வேண்டியது ஒரே சீரான அளவு. அதற்குப் பென்சிலும் அடிக்கோலும் போதும். துண்டின் பின்புறத்தில் கால் அங்குலக் கோடு போட்டுக்கொண்டு, அக்கோட்டின்மேலே தையுங்கள்.

மூன்றாவது காரணம், சேராத துணிகளைச் சேர்ப்பது. வழுக்கும் நைலானையும், நெகிழும் பின்னல் துணியையும், தடித்த கால்சட்டைத் துணியையும் மெல்லிய பருத்தியோடு இணைப்பது கைதேர்ந்தவர்க்கும் சிரமம். ஆரம்பத்தில் ஒரே கனமுள்ள பருத்தித் துணிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுமுன் அவற்றைத் துவைத்து உலர்த்துங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். சாயத் துணியை நனைத்து வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அத்துணியை விலக்கிவிடுங்கள்.

பிற இடத்துப் பெண்கள்

இவ்வேலை விலையுயர்ந்த துணியும் நுண்ணிய கருவியும் உடையவர்க்கே உரியது என்று சிலர் எண்ணுகின்றனர். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் எளிய ஓட்டுத் தையலினாலேயே காந்தா என்னும் விரிப்பை ஆக்கினார்கள். தையலுக்கு வேண்டிய வண்ண நூலையும் பழஞ்சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வது அவர்கள் வழக்கமாயிருந்தது. கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வமிசத்தவராகிய சித்தி மக்களின் பெண்கள், கவந்தி என்னும் போர்வையைத் தைக்கிறார்கள். அவர்கள் ஒரு மூலையில் தொடங்கித் துண்டுகளை ஓரமாக வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவை அடைகிறார்கள். துண்டுகள் ஒரே அளவினவாய் இருக்க வேண்டுமென்ற நியதி அதில் இல்லை.

கூட்டுறவாளராகிய நாம் அறியத்தக்க வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு. அலபாமா மாகாணத்தில், ஆற்று வளைவிலுள்ள ஜீஸ் பெண்டு என்னும் சிற்றூரில், முன்பு அடிமைகளாயிருந்தோரின் சந்ததியார் வாழ்கிறார்கள். அவ்வூர்ப் பெண்கள் வயலில் உடுத்திக் கிழிந்த உடைகளையே வெட்டி, குளிருக்காகப் போர்வைகள் தைத்தார்கள். நடுவில் ஒரு துண்டை வைத்து, அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகச் சேர்த்துக்கொண்டு போவது அவர்களுடைய முறைகளில் ஒன்று. 1966-ஆம் ஆண்டில் அப்பகுதிப் பெண்கள் ஒரு போர்வைக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தம் கைவேலையை நகரங்களில் விற்றார்கள். 2002-இல் ஜீஸ் பெண்டின் போர்வைகள் ஹூஸ்டன் நகரக் கலைக்காட்சிச் சாலையிலும், பின்பு நியூயார்க்கிலும் சுவரில் மாட்டப்பட்டன. 2006-இல் அவற்றின் படங்கள் அமெரிக்கத் தபால் தலைகளில் வெளியாயின. அப்போர்வைகளில் கோடுகள் வளைந்திருக்கின்றன. பட்டைகள் ஒரே அகலமாயில்லை. கண்டவர் எவரும் அவற்றைக் குறையென்று தள்ளவில்லை.

ஆயினும், தையலினால் உடனே பணம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். மேற்சொன்ன சங்கமும் பல ஆண்டுகள் நடந்து 2012-இல் மூடப்பட்டது. வருமானத்தை எண்ணி ஊசி எடுப்பவர், முதல் மாதத்திலேயே அதைக் கீழே வைத்துவிடுவார். முதலில் நம் வீட்டுக்கு உதவும் பொருளைச் செய்வோம்.

முதல் வேலைகள் மூன்று

முதலாவது, அடுப்படிப் பிடிதுணி. 5 அங்குலச் சதுரங்கள் நான்கு வெட்டுங்கள். இரண்டிரண்டாக இணைத்து, பின் இரு வரிசைகளையும் சேருங்கள். இணைப்பின் உள்மடிப்பை ஒரு வரிசையில் வலப்புறமாகவும், மற்றதில் இடப்புறமாகவும் இஸ்திரி போட்டால், நடு மூலை தானாகவே ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். அதே அளவில் ஓர் அடித்துணி வெட்டி, இரண்டின் நல்ல பக்கங்களும் உள்ளே இருக்கும்படி சேர்த்து, மேலே பழைய பருத்தித் துவாலையை இரண்டு மூன்று மடிப்பாக வையுங்கள். மூன்று அங்குல வாய் மட்டும் விட்டுச் சுற்றிலும் தைத்து, அவ்வாயின் வழியே திருப்பி, வாயை மூடி, குறுக்கும் நெடுக்குமாகச் சில ஓட்டுத் தையல் போடுங்கள். 9 அங்குலப் பிடிதுணி கிடைக்கும். நூல் உட்பட எல்லாம் பருத்தியாகவே இருக்கட்டும். செயற்கை இழை சூட்டில் உருகிக் கையைச் சுடும்.

இரண்டாவது, மணைவிரிப்பு. இரண்டரை அங்குல அகலமும் பதினெட்டரை அங்குல நீளமும் உள்ள பட்டைகள் ஒன்பது வெட்டி, நீளவாட்டில் இணையுங்கள். இதில் பொருத்த வேண்டிய மூலையே கிடையாது, நேர்த்தையல் ஒன்றுதான். பிடிதுணியைப்போலவே அடித்துணி வைத்துத் திருப்பினால் 18 அங்குலச் சதுரமாகும். மூன்றடுக்கும் நகராதிருக்க, முதலில் நீண்ட தற்காலிகத் தையல்களால் பிணைத்துக்கொண்டு, இணைப்புக் கோடுகளை ஒட்டி நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் தங்கிவிடும். நூலை ஒரு முழத்துக்குமேல் கோக்க வேண்டாம். நீண்ட நூல் சிக்குண்டு பொறுமையைக் கெடுக்கும்.

மூன்றாவது, தரையில் குழந்தையைக் கிடத்தும் விரிப்பு. ஆறரை அங்குலச் சதுரங்கள் முப்பத்தாறு, ஆறு வரிசையாக. முதலிரண்டில் கற்ற சீரான அளவும், இஸ்திரி முறையும், நடுவிலிருந்து தைக்கும் முறையும் இங்கே ஒன்றுகூடுகின்றன. பழகி மென்மையான பருத்திச் சேலையை இரண்டு மடிப்பாக நடுவில் வைத்தால் போதும். முடிந்ததும் ஒரு கெஜச் சதுரம். இதை முடித்தவர் கட்டிற் போர்வைக்கு அஞ்ச வேண்டியதில்லை. இத்தகைய துண்டுகள் சிலவற்றைச் சேர்த்தால் அதுவே போர்வையாகும்.

ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது என்பது ஒன்றே நான் விதிக்கும் நியதி. பாதியில் கிடக்கும் பெரிய வேலை ஒவ்வொரு முறை பெட்டியைத் திறக்கும்போதும் நம்மைக் கடிந்துகொள்ளும். முடித்த சிறு பிடிதுணியோ தினமும் அடுப்படியில் நம் கையிலிருந்து உழைக்கும்.

சங்கம் செய்யத்தக்கவை

தனியே தைப்பவர் தம் தவறுகளை மாத்திரமே காண்கிறார். கூடித் தைப்பவர் பக்கத்தவரும் பிரித்துத் தைப்பதைக் கண்டு ஆறுதலடைகிறார். ஆகையால் வாரம் ஒரு பிற்பகல் கூடுங்கள். நல்ல கத்தரிக்கோல் இரண்டு, இஸ்திரிப் பெட்டி ஒன்று, சதுர அளவுக்குத் தடித்த அட்டைகள் ஆகியவற்றைச் சங்கம் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். கந்தலும் கழிவுத் துண்டும் வீட்டுக்கு வீடு உண்டு. அவற்றை ஒரே கூடையில் சேர்த்து, கனத்தின்படி பிரித்து வைத்தால், ஒருத்திக்கு ஆகாத நிறம் மற்றொருத்திக்கு ஆகும். ஒவ்வொருவரும் முதலில் செய்த பொருளில் தேதியை நூலால் தைத்து விற்காமல் வைத்திருக்கட்டும். ஓராண்டு சென்றபின் பத்தாவது பொருளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு வேறு போதகர் வேண்டுவதில்லை.

பாதியில் நிறுத்திய பெரிய போர்வை உங்கள் வீட்டில் இருந்தால், அதை வெளியே எடுங்கள். பொருந்தாத வரிசைகளைப் பிரித்து, பொருந்திய நான்கு சதுரங்களை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் முதற் பிடிதுணி. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். தையல்மேல் தையலாகப் போர்வையும் முடியும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவர் கையிலும் முடித்த பொருள் ஒன்று இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அது கோணலாயிருந்தாலும் கொண்டு வாருங்கள்.