அயர்லாந்தின் வெண்ணெய்ச் சாலைகள்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இங்கிலாந்துக்கு மேற்கே கடல் சூழ்ந்த அயர்லாந்து, மழை மிகுந்து பசும்புல் மாறாத தீவு. அத்தகைய பூமியில் 1845-ம் வருஷத்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைக் குடியானவர்களுக்குக் கிழங்கே ஆகாரம்; மற்ற தானியமும் கால்நடையுமோ, ஜனங்கள் பட்டினி கிடக்கையிலும் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. சில வருஷங்களில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அதற்கும் அதிகமானோர் தேசத்தை விட்டே சென்றனர். 1841-ல் 81 லட்சத்துக்கு மேலிருந்த ஜனத்தொகை 1901-ல் 45 லட்சத்துக்கும் குறைந்துவிட்டது.

மிஞ்சியவர்கள் நிலத்துக்காகவும் சுயாட்சிக்காகவும் போராடியதைப் பலரும் அறிவர். அதே காலத்தில் நடந்த வேறொரு முயற்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஹொரேஸ் பிளங்கெட் பிரபு குடும்பத்தவர்; புராடஸ்டண்டு. அமெரிக்காவில் பத்து வருஷம் மாட்டுப்பண்ணை நடத்தி 1889-ல் திரும்பினார். அப்பொழுது இங்கிலாந்துச் சந்தையில் டென்மார்க்கு வெண்ணெய் ஐரிஷ் வெண்ணெயைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அயர்லாந்தில் வீட்டுக்கு வீடு கடைந்த வெண்ணெய், தினுசுக்கொரு ருசி. விலை வியாபாரி வைத்ததே. டென்மார்க்குக் குடியானவர்களோ ஐக்கியமாகச் சாலை அமைத்து, பாலை ஓரிடத்திற் சேர்த்து, இயந்திரத்தால் ஏடு பிரித்து, ஒரே தரமான வெண்ணெய் எடுத்தனர். ஏடெடுத்த பால் கன்றுக்கும் பன்றிக்கும் வீடு திரும்பும்; லாபம் ஊற்றிய பாலுக்குத் தக்கபடி பங்காகும்.

இதைச் சொல்லப் போன இடமெல்லாம் சந்தேகமே எதிர்கொண்டது. ஐம்பது கூட்டங்களுக்குப் போயும் ஒரு சங்கமும் ஏற்படவில்லையென்று பிளங்கெட்டே எழுதியிருக்கிறார். ராத்கீல் என்ற ஊரிலே ஒரு வக்கீல் எழுந்து, இது தேசீயவாதிகளின் ஊர், இங்கே எடுக்கும் ஒவ்வொரு ராத்தல் வெண்ணெயும் தேசீயக் கொள்கைப்படியே எடுக்கப்படவேண்டும், இல்லாவிடில் வெண்ணெயே வேண்டாம் என்றார். பலத்த கரகோஷத்துடன் கூட்டம் கலைந்தது! பாலுக்குக் கட்சி ஏது என்று கேட்க அன்று அங்கே ஒருவருமில்லை.

ஆயினும் வேலை நிற்கவில்லை. பின்லே என்ற கத்தோலிக்கப் பாதிரியார் துணை நின்றார். 1894-ல் சங்கங்களுக்கெல்லாம் தலைமை ஸ்தாபனம் ஏற்பட்டது. ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற கவி, துணிக்கடைக் குமாஸ்தா உத்தியோகத்தை விட்டு, 1897 முதல் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று நாணய சங்கங்களை அமைத்தார். அங்கே அக்காலத்தில் கோம்பீன்காரர் என்போர் இருந்தனர்: கடனும் அவரிடமே, கடையும் அவரிடமே; கடன்பட்டவன் வேறு கடைக்குப் போக முடியாதிருந்தது. அக்கட்டை அறுக்கவே நாணய சங்கங்கள் ஏற்பட்டன. வெண்ணெய்ச் சாலைகள் வேரூன்றியதுபோல் அவை வேரூன்றவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. பால் தினந்தோறும் அங்கத்தினரைச் சாலைக்கு அழைத்து வந்தது. நாணய சங்கத்தின் நினைவோ பலருக்குக் கடன் வேண்டியபோதுதான் வந்தது.

முதல் மகா யுத்தத்துக்குள் சங்கங்கள் ஆயிரமாகப் பெருகின. கத்தோலிக்கரும் புராடஸ்டண்டுகளும் ஒரே கமிட்டியில் அமர்ந்து கணக்குப் பார்த்தனர்.

பிறகு சுதந்திரப் போர் மூண்டது. 1920-ல் பிரிட்டிஷ் படையினர் பழிக்குப் பழியாகப் பல வெண்ணெய்ச் சாலைகளைக் கொளுத்தினர். தீ வைத்தால் ஊர் முழுவதும் பிழைப்பிழக்குமென்று அவர்கள் நன்கறிவர். 1922-ல் தனியரசு ஏற்பட்டு, ஐரிஷ்காரர்களுக்குள்ளேயே யுத்தம் நேர்ந்தது. புதிய ராஜ்யத்தின் மேல்சபையில் அங்கத்தினராயிருந்த பிளங்கெட்டின் வீட்டை 1923 ஜனவரியில் அவருடைய தேசத்தாரே எரித்தனர். அவர் இங்கிலாந்து சென்று, 1932-ல் அங்கேயே காலமானார்.

எரிந்த சாலைகளிற் பல மறுபடியும் எழும்பின. விடிந்ததும் கழுதை வண்டிகளும் குதிரை வண்டிகளும் பாற்பாத்திரங்களோடு அவற்றின் வாயிலில் முன்போல் வரிசையாக வந்து நின்றன.