உப்புக் காற்றில் ஒரு குளியலறை



ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் பலரும் இப்போது குளியலறையில்தான் முதலில் கைவைக்கிறார்கள். டைல்ஸ் கடைக்குப் போனால் ‘கடற்கரை பாணி’ என்று ஒரு தொகுப்பை எடுத்து விரிக்கிறார்கள். வெள்ளைச் சுவர், வெளிர்நீலக் கோடு, மணல் நிறத் தரை, கயிறு சுற்றிய கண்ணாடி, மாடத்தில் இரண்டு சங்கு. பார்க்க நன்றாகவே இருக்கிறது. இருட்டும் ஈரமுமாகக் கிடந்த அறைக்கு வெளிச்சம் வருவதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால், அந்தப் பாணியை எதை வைத்து எடைபோடுவது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. உப்பு, வெளிச்சம், ஈரம், தண்ணீர் ஆகிய நான்கையும் அந்த அறை எப்படிச் சமாளிக்கிறது என்பதைப் பார்த்த பிறகுதான் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் உப்பு. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம், தன் காலம் முழுவதும் துருவோடு போராடியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலாக்சேன் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகம் எவ்வளவு வேகமாக அரிபடுகிறது என்று அறிய மண்டபத்தில் தகடுகளை வெட்டவெளியில் வைத்து ஆராய்ந்தது. அங்கே வீசும் அதே காற்றுதான் நம் வீட்டுக் குளியலறை ஜன்னல் வழியாகவும் வருகிறது.

முப்பது வருடப் பழைய குளியலறைக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். கூரையில் பழுப்பு நிறத்தில் ஒரு கீற்று நேர்கோடாக ஓடும். கம்பி இருக்கும் இடம் அது. ஒரு கம்பால் தட்டினால் ‘டொக்’ என்று பொள்ளலாகச் சத்தம் வரும். சில மாதங்களில் அந்த இடம் பெயர்ந்து விழும். உள்ளே கம்பி அப்பளமாக அடுக்கடுக்காக உதிரும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கிறது. கான்கிரீட் பிளந்து வழிவிடுகிறது. காற்றில் வரும் உப்பு ஒரு காரணம். கட்டும்போதே உவர்நீரில் கலவை போட்டது இன்னொரு காரணம். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. நம் கரையோரக் கிணறுகள் பல இந்த அளவுக்குள் அடங்காதவை. ஆகவே, டைல்ஸ் தேர்ந்தெடுக்கும் முன் கூரையைத் தட்டிப் பாருங்கள். பெயர்ந்ததைக் கொத்தி, கம்பியின் துருவைச் சுரண்டி, பூச்சு கொடுத்து, நல்ல தண்ணீரில் குழைத்த கலவையால் அடைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தச் செலவுதான் முதல் செலவு.

அடுத்தது வெளிச்சம். நம் தாத்தா பாட்டி குளித்த இடம் கொல்லைப்புறத்துக் கிணற்றடி. மூன்று பக்கம் பனையோலை மறைப்பு, மேலே வானம், காலடியில் ஒரு கல், ஓடிவரும் தண்ணீருக்கு வாழைப்பாத்தி. வெயிலும் காற்றும் அந்த இடத்தை ஒரு மணி நேரத்தில் உலர்த்திவிடும். பாசி பிடிக்க நேரமே இராது. பிறகு குளியலை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அது பெரிய வசதி, மறுக்கவே முடியாது. ஆனால், ஐந்தடிக்கு ஏழடிப் பெட்டிக்குள் ஒரு சாண் வென்டிலேட்டர் மட்டும் வைத்து அடைத்துவிட்டோம். புதுப்பிக்கும்போது அந்த வென்டிலேட்டரைப் பெரிதாக்குங்கள். தலைக்கு மேலே, அகலமாக, சாய்வுக் கண்ணாடிப் பட்டைகளோடு வையுங்கள். முடிந்தால் எதிர்ச்சுவரிலும் ஒரு திறப்பு வேண்டும். அப்போதுதான் காற்று உள்ளே வந்து வெளியே போகும். வெள்ளைச் சுவருக்கு அதன்பிறகுதான் பொருள் வருகிறது. வெயில் எட்டாத அறையில் வெள்ளை அடித்தால் ஆறு மாதத்தில் கரும்புள்ளிப் பூஞ்சைதான் மிஞ்சும்.

மூன்றாவது ஈரம். இங்கே நம் மண்ணின் பெரிய கலை ஒன்று துணைக்கு இருக்கிறது. அது சுண்ணாம்புப் பூச்சு. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில், சேதுபதி காலத்து 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்களை இன்றும் தாங்கி நிற்பது அந்தப் பூச்சுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது கூரை இழந்த தேவாலயத்தின் சுவர்கள் அறுபது ஆண்டுகளாக உப்புக் காற்றில் நிற்கின்றன. பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கட்டுமானம். அப்துல் கலாம் தாம் வளர்ந்த பள்ளிவாசல் தெரு வீடு, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்புக்கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்டது என்று ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் குறிப்பிடுகிறார்.

வேலையை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் அருமை புரியும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் வாரக்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். இன்னொரு தொட்டியில் இடித்த கடுக்காயும் கருப்பட்டியும் சில நாள் ஊறிப் புளிக்கின்றன. அந்த நீரை ஊற்றித்தான் சாந்தை அரைக்கிறார்கள். முதல் பூச்சு கரடு. அடுத்தடுத்த பூச்சு மெலிந்துகொண்டே போகும். கடைசிப் பூச்சில் மணல் கிடையாது. வெண்ணெய்ப் பதத்தில் சுண்ணாம்பு மட்டும். கொத்தனார் அதைக் கரணையால் இழுத்து, ஈரம் சரியான பதத்துக்கு வரும்வரை காத்திருந்து, வழவழப்பான கல்லால் தேய்க்கிறார். அவசரப்பட்டால் வெடிக்கும், தாமதித்தால் மெருகு ஏறாது. நம் கரையில் காற்று பலமாக இருப்பதால் ஈரத்துணி போர்த்திப் பூச்சைக் காக்க வேண்டும். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத் திரும்பவும் கல்லாகிறது. அதன் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது. அது ஈரத்தை உறிஞ்சி, காற்று வந்ததும் விட்டுவிடும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் இந்தக் குணம் போய்விடும்.

சுண்ணாம்பால் எல்லாம் முடியும் என்று நான் சொல்லவில்லை. தினமும் சோப்புத் தண்ணீர் நேரடியாக அடிக்கும் இடத்தில் சாதாரணச் சுண்ணாம்புப் பூச்சு தேயும். மொராக்கோவின் பொதுக் குளியல் கூடங்களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கல்லால் மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தேய்ப்பார்கள். சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து நீர் ஒட்டாத மேற்பரப்பாகிவிடும். ‘தடலக்த்’ என்று பெயர். அந்தக் கைத்திறன் நம்மிடம் கிடைக்கும்வரை, தண்ணீர் தெறிக்கும் பக்கத்தில் ஏழடி உயரத்துக்கு டைல்ஸ், மற்றச் சுவர்களிலும் கூரையிலும் சுண்ணாம்பு என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை. தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் வேண்டும். வாட்டம் அடிக்குக் கால் அங்குலமாவது இருக்கட்டும். அழகான ஆத்தங்குடிக் கல்லை ஈரம் படாத பக்கத்தில் பதியுங்கள். நனைந்தால் அது வழுக்கும், ஆசிட் பட்டால் மங்கும்.

குழாய், கொக்கி, திருகாணிக்கு 316 ரக எஃகு கேளுங்கள். அதில் சேரும் மாலிப்டினம் உப்பைத் தாங்கும். முலாம் பூசிய மலிவான குழாயில் இங்கே விரைவில் புள்ளி விழும். கதவுக்கு யு.பி.வி.சி. போதும்.

இங்கே ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அலங்காரத்துக்கென்று பவளத் துண்டுகளை வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதிலுள்ள 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. பல காலம் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணம். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அலையைத் தடுத்து நம் கரையைக் காக்கும் பாறை அது. முன்னோர் பவளக்கல்லில் கட்டினார்கள். அவர்களுடைய பூச்சுக் கலையை எடுத்துக்கொள்வோம், அந்தக் கல்லை எடுக்க வேண்டாம். சுண்ணாம்புக்கும் நிலத்துச் சுண்ணாம்புக்கல் போதும்.

கடைசியாகத் தண்ணீர். குடிநீருக்குக் காவிரியை எதிர்பார்க்கும் மாவட்டம் நம்முடையது. மேலிருந்து கொட்டும் ஷவரைப் பெரிய அழகாகக் காட்டுகிறார்கள். அதற்குப் பதில் வாளியும் குவளையும் வைக்க ஒரு திண்ணை கட்டுங்கள்; முதியவர் உட்கார்ந்து குளிக்கவும் அது உதவும். குளியல் நீருக்குக் கழிப்பறைக் குழாயோடு சேராத தனிக் குழாய் போட்டால், அது செப்டிக் டேங்கில் வீணாகாமல் தென்னைக்கும் வாழைக்கும் போகும். தரையை உடைத்திருக்கும்போது இதைச் செய்வது எளிது. பிறகு செய்வது கடினம்.

ஆகவே, பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்: கூரைக் கம்பி, காற்று வழி, வாட்டமும் வடிகாலும், சுவர்ப்பூச்சு, குழாய்கள். மிச்சமிருந்தால் நீலக் கோடு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். வேலை கொடுக்கிறவர்கள் இல்லாததால் அவர்கள் பிள்ளைகள் கற்கவில்லை. உங்கள் குளியலறையில் ஒரே ஒரு சுவரையாவது அவர்களிடம் கொடுங்கள். கூடவே ஓர் இளைஞரைச் சிற்றாளாக நிறுத்தச் சொல்லுங்கள். ராமநாதபுரக் கரைக்கு என்று ஒரு பாணி உண்டென்றால், அது அந்தக் கைகளில்தான் இருக்கிறது.